டியூப் வைத்த கண்ணின் முதல் மூன்று மாதம்

கண் அழுத்தத்துக்கு டியூப் வைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் வருகிற முதல் கேள்வி, "அப்ப கண்ணு நல்லா தெரிஞ்சிருமா?" என்பதுதான். தெரியாது. இதை ஒபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பல நேரம் சொல்வதில்லை, அல்லது நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்வதில்லை. குளுக்கோமா என்ற இந்தக் கண் அழுத்த நோயில் பட்டுப்போன நரம்பு திரும்பத் துளிர்க்காது. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் இந்த ஒபரேஷன். பக்கத்து லயத்துப் பாட்டி கெட்டரெக்ட் (கண்புரை) எடுத்த மறுநாளே ஊசியில் நூல் கோர்த்தார் என்ற நினைப்போடு கட்டிலில் ஏறுகிறவர்கள், கட்டுப் பிரித்ததும் முன்பைவிட மங்கலாகத் தெரியவே, "கண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டியூப் வைத்த கண் முதல் சில கிழமைகள் மங்குவது வழமை. பழைய நிலைக்குத் திரும்பவே ஆறு முதல் பன்னிரண்டு கிழமை ஆகலாம்.

இன்னொன்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒபரேஷன் ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை. ஆனால் அது பலித்ததா இல்லையா என்பது மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தெரியும். அதுவரை அழுத்தம் ஏறும், இறங்கும். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது கண்ணுக்குள் வைத்தது எந்த வகை டியூப் என்பதைப் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டாத நேரத்தில் பயந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டிய நேரத்தில் "சரியாகிவிடும்" என்று படுத்திருக்கிறார்கள்.

கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறைக்குள் ஒரு நீர் எந்நேரமும் ஊறி வந்துகொண்டிருக்கும். அழும்போது வருகிற கண்ணீர் அல்ல இது, வெளியே தெரியாது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலீட்டர்தான் ஊறுகிறது. அந்த அறையே சின்னது என்பதால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முழு நீரும் மாறிவிடும். ஊறுகிற நீர் கருவிழியின் ஓரத்து மூலையில் உள்ள வடிகட்டி வழியாக இரத்தத்துக்குப் போக வேண்டும். அது அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பை நசுக்குகிறது. அழுத்தம் (மில்லிமீட்டர் பாதரச அளவில்) 10 முதல் 21 வரை இருப்பது வழமை என்பார்கள். ஆனால் நரம்பு ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு 21 என்பதும் கூடுதல்தான். அவருக்கு டொக்டர் 12, 14 என்று ஓர் இலக்கு வைத்திருப்பார். உங்களுடைய இலக்கு என்னவென்று கேட்டு கிளினிக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடைபட்ட நீருக்கு மாற்று வழி திறப்பதுதான் டியூப். அது சிலிக்கோனால் ஆனது. வெளி விட்டம் 0.6 மில்லிமீட்டர் சொச்சம், உள்ளே ஓடும் துவாரம் 0.3 மில்லிமீட்டர். ஒரு முனை கண்ணின் முன்னறைக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். மறு முனை ஒரு தட்டில் ஒட்டியிருக்கும். கருவிழி விளிம்பில் இருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் பின்னால், பெரும்பாலும் மேல் இமைக்கு அடியில் காதுப் பக்கமாக, கண்ணை அசைக்கும் இரண்டு தசைகளுக்கு நடுவே அந்தத் தட்டைச் செருகித் தைப்பார்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. தட்டு நீரை உறிஞ்சுவதில்லை. அதைச் சுற்றி உடம்பே ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்கிறது. நீர் அந்த உறைக்குள் தேங்கி, சுற்றியுள்ள இரத்தக் குழாய்களுக்குள் மெல்ல இழுக்கப்படுகிறது. கடைசியில் அழுத்தம் எவ்வளவில் நிற்கும் என்பதை முடிவுசெய்வது டியூப் அல்ல, உடம்பு கட்டிய அந்த உறையின் தடிப்புதான். ஒரே டொக்டர் ஒரே நாளில் ஒரே சாமானை இரண்டு பேருக்கு வைத்தும் இரண்டு விதமாக முடிவது இதனால்தான்.

உறை கட்டிக்கொள்ள நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை வால்வு இல்லாத டியூப் என்பது அடைப்பு வைக்காத தண்ணீர்ப் பீலி மாதிரி. உள்ளதெல்லாம் ஓடிவிடும், கண் தொய்ந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, அஹ்மத் வால்வு. 1993 முதல் பாவனையில் உள்ளது. தட்டுக்குள் இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அழுத்தம் 8 முதல் 12 வரையில் வரும்போது திறக்கும்படி செய்தது. அதிகம் வைக்கப்படும் அளவின் தட்டு 184 சதுர மில்லிமீட்டர். மற்றது வால்வு இல்லாத பெரிய தட்டு. பேர்வெல்ட் என்பது அப்படி ஒன்று. அதே மாதிரியில் 350 சதுர மில்லிமீட்டர் தட்டை மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் குறைந்த விலைக்குச் செய்து தருகிறது. வால்வு இல்லாததை வைக்கும்போது, கரையும் நூலால் டியூப்பை இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உறை உருவாகும் காலத்தில் நூல் கரைந்து டியூப் தானாகத் திறக்கும்.

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி இதுதான்: "எனக்கு வச்சது வால்வு உள்ளதா, கட்டினதா?" தாதியிடம் கேட்டு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வால்வு உள்ளது என்றால் அன்றிலிருந்தே வேலை செய்யும். மறுநாள் அழுத்தம் 8, 10 என்று இருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். அதன்பிறகு மூன்றாம் கிழமைக்கும் ஆறாம் கிழமைக்கும் நடுவில் 25, 30 என்று ஏறலாம். சுற்றிலும் உருவாகும் உறை அப்போது வீங்கித் தடித்திருக்கும், நீரை விடாது. "டியூப் பெயில்" என்று வார்டிலேயே பக்கத்துக் கட்டில்காரர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அது பெயில் அல்ல. சொட்டு மருந்தைத் திரும்பத் தொடங்குவார்கள். பலருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் உறை மெலிந்து அழுத்தம் இறங்கும். சிலருக்கு இறங்காது, மருந்து தொடரும். இந்தக் காலத்தில் கண்ணை விரலால் அழுத்தித் தேய்த்தால் நீர் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி ஒரு முறை இருக்கிறது, ஆனால் எங்கே, எத்தனை தடவை என்று டொக்டர் காட்டிக்கொடுத்தால் மட்டும்.

கட்டிய டியூப் என்றால் கதை தலைகீழ். முதல் மாதம் டியூப் மூடித்தான் இருக்கிறது. அழுத்தம் பழையபடி கூடுதலாகவே இருக்கும். பழைய மருந்துகளை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஒபரேஷன்தான் செஞ்சாச்சே" என்று போத்தல்களைத் தூக்கி எறிந்தவர்களின் கண்ணில், அந்த ஒரு மாதத்தில் மிச்ச நரம்பும் போயிருக்கிறது. பிறகு ஐந்தாம், ஆறாம் கிழமையில் ஒரு நாள் நூல் விட்டுப்போகும். கண் மங்கும், லேசாக நோகும், தண்ணீர் வடியும். 30 இல் நின்ற அழுத்தம் சில மணித்தியாலத்தில் 8க்கு வந்துவிடலாம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்குப் பிறகும் எல்லா மருந்தையும், அழுத்தம் குறைக்கும் அசெட்டசோலமைட் குளிசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தால் அழுத்தம் 5க்குக் கீழே விழும். கண்ணின் உட்சுவர் நீர் கோர்த்துப் பிரியும். ஓரத்தில் கறுப்பு நிழல் திரை போலத் தெரியும். ஆகவே ஐந்தாம், ஆறாம் கிழமை கிளினிக் திகதியை, மழை பெய்தாலும் மண் சரிந்து ரோட்டு மூடினாலும், எப்படியாவது தவறவிடாமல் போக வேண்டும். பாதை மூடிவிட்டது என்றால் கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைக்கோ மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போய், கண் டொக்டர் இருக்கும் நாளில் அழுத்தத்தை மட்டுமாவது பார்த்து, எந்த மருந்தை நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்த ஒபரேஷன் யாருக்கு என்றால், மருந்தும் லேசரும் எடுபடாமல், டியூப் இல்லாமல் கண்ணின் சுவரில் வழி திறந்து வழமையாகச் செய்யும் வடிகால் ஒபரேஷனும் மூடிக்கொண்டவர்களுக்கு. சீனி வருத்தத்தால் கண்ணுக்குள் புது இரத்தக் குழாய்கள் முளைத்தவர்களுக்கும், கவ்வாத்து வெட்டும் தேயிலை மலையில் மிலாறு (வெட்டிய கிளை) அடித்தோ வேறு விதமாகவோ கண்ணில் பலத்த காயம் பட்டவர்களுக்கும், கருவிழி மாற்றியவர்களுக்கும் முதலிலேயே டியூப் வைப்பதுண்டு. அரிப்புக்கு என்று பார்மசியில் ஸ்டீரொய்ட் சொட்டு வாங்கி மாதக்கணக்கில் விட்டதால் அழுத்தம் ஏறி இந்த நிலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இது முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய குருடு.

முன்பு ஒபரேஷன் செய்த கண்களில் டியூப்பையும் வழமையான வடிகால் ஒபரேஷனையும் ஒப்பிட்டு 212 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தோற்றது டியூப்பில் 29.8 வீதம், மற்றதில் 46.9 வீதம். டியூப் வைத்தவர்களின் சராசரி அழுத்தம் 14.4க்கு வந்திருந்தது, ஆனால் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தை அவர்கள் விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மருந்தே வேண்டியதில்லை என்ற நம்பிக்கையை யாரும் கொடுத்தால் அதைப் பாதியாக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் சொல்ல வேண்டியவை சில. இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், க்ளொபிடொக்ரல், வோபரின் எடுத்தால் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் அழுத்தம் குறைக்கும் டிமொலோல் சொட்டு ஆகாது. சல்பா ஒவ்வாமை, சிறுநீரகக் கல் இருந்தால் அசெட்டசோலமைட் தருவதற்கு முன் சொல்ல வேண்டும். அந்தக் குளிசையால் விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். ஹட்டனில் இருந்து பஸ் ஏறுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. சம்மதப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசித்துச் சொல்லும்படி கேட்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான்; கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்கச் செய்துதான் ஒபரேஷன். நினைவு இருக்கும், முகத்தை மூடிய துணிக்கு அடியில் பேச்சுச் சத்தம் கேட்கும். இருமல் வந்தால் இருமுவதற்கு முன் சொல்ல வேண்டும். டியூப் கண்ணுக்குள் நுழையும் இடத்தின் மேல் ஒரு ஒட்டுத் துண்டு வைத்து, அதன் மேல் கண்ணின் தோலை மூடித் தைப்பார்கள். அந்தத் துண்டு பெரும்பாலும் தானம் செய்த கண்ணின் வெள்ளைப் பகுதியில் அல்லது கருவிழியில் இருந்து வருவது. "செத்தவங்க கண்ணா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம் வெளிநாடுகளுக்கும் கண் அனுப்புகிற நாடு இது. அந்தத் துண்டு பார்ப்பதற்கல்ல, டியூப் உராய்ந்து வெளியே வராமல் மறைப்பதற்கு.

முதல் கிழமைகளில் எல்லோரும் சொல்வது, "கண்ணுக்குள்ள மணல் கெடக்குற மாதிரி இருக்கு." அது தையல். கரையும் நூல் என்றால் சில கிழமையில் போய்விடும். இமை கொஞ்சம் தொங்கும், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். தட்டு தசைக்குப் பக்கத்தில் இருப்பதால் சிலருக்கு இரண்டு இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் அது ஒன்றாகிவிடுகிறதா என்று பார்த்து அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

சொட்டு மருந்தில்தான் அதிகம் பிழைக்கிறது. வெள்ளையாகப் பால் நிறத்தில் வரும், அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசொலோன் அசிட்டேட் போத்தலின் அடியில் மருந்து படிந்துவிடும்; நன்றாகக் குலுக்காமல் விட்டால் முதல் கிழமை வெறும் தண்ணீரும் கடைசிக் கிழமை கடும் மருந்துமாகப் போகும். முதலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விடச் சொல்வார்கள். பிறகு இரண்டு மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கண் வெளுத்துவிட்டது என்று இடையில் நிறுத்தினால் உள்ளே அழற்சி கிளம்பி உறையைத் தடிக்க வைக்கும். விடும் முறை இது: கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை மட்டும் இழுத்து, அந்தப் பையில் ஒரு துளி. மேல் இமையைத் தூக்கக் கூடாது, தட்டு அங்கேதான் இருக்கிறது. போத்தல் முனை இமை மயிரில் படக் கூடாது. கண்ணை மூடி, மூக்குப் பக்கத்து மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலீட்டர், கண்ணில் தங்குவது அதில் கொஞ்சம்தான்; இரண்டு துளி விடுவது கன்னத்துக்குத்தான் லாபம். அடுத்த மருந்துக்கு முன் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். அழுத்தம் குறைக்கும் லட்டனோப்ரொஸ்ட் சொட்டு, திறக்கும் முன் பிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து. திறந்தபின் 25 பாகைக்குள் நாலு முதல் ஆறு கிழமை வைத்திருக்கலாம். நுவரெலியாக் குளிரில் இது கஷ்டமில்லை, பிரிட்ஜ் இல்லாதவர் ஒவ்வொரு போத்தலாக வாங்கினால் போதும். அடுப்படி அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.

வேலையைப் பற்றி ஒபரேஷன் செய்பவரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும். "தோட்ட வேலை" என்று சொன்னால் நகரத்து டொக்டருக்குப் புரியாது. கூடைக் கயிற்றைத் தலையில் போட்டு, பதினைந்து இருபது கிலோ கொழுந்தோடு ஏற்றத்தில் குனிந்து ஏறுவது, மருந்து அடிப்பது, உரம் போடுவது, மிலாறு சுமப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எது எத்தனை கிழமைக்குக் கூடாது என்று மெடிக்கல் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். வெறும் "ஓய்வு" என்று எழுதிய மெடிக்கலை வைத்துக்கொண்டு பிரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) வாதாட முடியாது. பொதுவாகப் பாரம் தூக்குவதும் முக்குவதும் நாலு முதல் ஆறு கிழமைக்கு ஆகாது. அழுத்தம் குறைந்திருக்கும் கண்ணில், முக்குவதாலும் பலமாக இருமுவதாலும் வாந்தியாலும் உள்ளே இரத்தம் கசியலாம். சுரீர் என்ற கடும் வலியோடு பார்வை போகும். மலச்சிக்கல் இருந்தால் மருந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு மூன்று கிழமை பொறுத்து, பிறகும் தலையைப் பின்னால் சாய்த்து யாரையாவது ஊற்றச் சொல்லலாம். இரவில் கண் மூடியைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிப் படுக்க வேண்டும். திருநீறு பூசும்போது நெற்றிக்கு மேலே ஊதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் பூசாரிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

மலை நாட்டுக்காரருக்கு மட்டுமான ஓர் ஆபத்து உண்டு. டியூப் ஒபரேஷனில் வழமையாகக் கண்ணுக்குள் காஸ் (வாயுக் குமிழி) விடுவதில்லை. விழித்திரை ஒபரேஷனும் சேர்த்துச் செய்தாலோ, அழுத்தம் மிக இறங்கி முன்னறை தட்டையானாலோ விடுவதுண்டு. கொழும்பில் காஸ் விட்ட கண்ணோடு 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறினால், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குமிழி கால்வாசி பெருக்கப் பார்க்கும், கண்ணோ விரியாது. கித்துல்கல தாண்டும்போதே வலி தொடங்கி, வீடு போய்ச் சேரும்போது நரம்புக்கு இரத்தம் போகாத நிலைகூட வரலாம். காஸ் வகையைப் பொறுத்து இரண்டு கிழமையில் இருந்து எட்டுக் கிழமை வரை அது உள்ளே நிற்கும். ஆகவே "காஸ் விட்டீங்களா? நான் மலைக்குப் போகலாமா?" என்று கேட்டபிறகே பஸ் ஏறுங்கள். ஆம் என்றால் கீழ்நாட்டில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிடுவதுதான் வழி. காஸ் இல்லாத டியூப் கண்ணுக்கு மலையும் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான். இங்கே சொன்ன டியூப்களில் உலோகம் இல்லாததால் எம்ஆர்ஐயும் எடுக்கலாம்.

வலி கூடிக்கொண்டே போய்ப் பார்வை குறைந்தால், பூளை சீழாக வந்தால், மின்னல் தெரிந்தால், திரை விழுந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் போகலாம். தோட்ட மருந்தகத்தில் வலிக் குளிசை வாங்கி இரவைக் கடத்துவது இந்த நேரத்துக்கு ஆகாது.

மூன்று மாதம் தாண்டினால் கண்ணாடி மாற்றலாம், பெரும்பாலான வேலைக்குத் திரும்பலாம். அதோடு கண்காணிப்பு முடிவதில்லை. டியூப்பின் முனை கருவிழியின் உட்பக்கத்துக்குக் கிட்ட இருந்தால், வருடங்கள் போகக் கருவிழி வீங்கி மங்கலாம். ஒட்டுத் துண்டு மெலிந்து டியூப் வெளியே எட்டிப் பார்க்கவும் செய்யும். கிருமி நேராகக் கண்ணுக்குள் போகும் பாதை அது. மாதம் ஒரு தடவை வீட்டில் ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு, உங்களைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையை அழுத்தாமல் மெல்ல உயர்த்தி, போன் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைக்கட்டும். முன்பு மங்கலாகத் தெரிந்த கோடு ஈரமாக, பளபளவென்று, தோல் மூடாமல் தெரிந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். போன மாதப் படம் கையில் இருந்தால் டொக்டருக்கும் விளங்கும்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. நாற்பது தாண்டியவர்களை அதே கிளினிக்குக்கு ஒருதடவை கூட்டிப்போங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துப் பார்த்தது போதாது. அழுத்தமும் நரம்பும் பார்க்க வேண்டும். கண்பாப்பா விரிய மருந்து விட்டால் பின்னேரம் வரை கண் கூசி மங்கும், அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டாம், துணைக்கு ஒருவரும் போகட்டும்.